மறு: கலைச்சொல் உதவி – யூதராகப் பிறந்த கிறிஸ்தவ மிஷனரிகளை எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

ஒரு சொல் கேட்டேன், மூன்று நாளில் இத்தனை மடல்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சேர்த்தே பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தேவையை மறுபடி சொல்லிவிடுகிறேன். யூதக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, அப்புறம் மிஷனரியாகவும் போனவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துவருகிறேன். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள். ஒவ்வொரு குறிப்பின் தொடக்கத்திலும் இவர் இன்னார் என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். அதை அந்த மனிதரிடமும் அவர் விட்டுவந்த வீட்டாரிடமும் கூசாமல் சொல்ல முடிய வேண்டும்.

> 'மதம் மாறிய யூதர்' போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் 'மாறிய' என்பது ஒரு நாள் நடந்ததை ஆயுளுக்கும் பட்டமாக்கிவிடுகிறது. மைக்கேல் சாலமன் அலெக்சாண்டரைப் பாருங்கள். 1799-ல் பிரஷ்யாவின் போசன் பகுதியில் பிறந்தவர். இங்கிலாந்து வந்து, பிளிமத் ஊர் யூதர்களுக்கு வழிபாடு நடத்துவதும் சமய விதிப்படி இறைச்சிக்கு அறுத்துக் கொடுப்பதுமாக இருந்தார். 1825-ல் அதே ஊரில் ஞானஸ்நானம் பெற்றார். 1841-ல் எருசலேமின் முதல் ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார்.

இந்த இரண்டுக்கும் நடுவே, 1840-ல், டமாஸ்கசில் ஒரு கத்தோலிக்கத் துறவி காணாமல் போனார். யூதர்கள் சடங்குக்காக அவரைக் கொன்று இரத்தம் எடுத்தார்கள் என்று பழி போட்டு, பலரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். அப்போது இங்கிலாந்தில் இருந்த, கிறிஸ்தவரான யூதர்கள் பலர் ஒரு மறுப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அலெக்சாண்டரும் அதில் ஒருவர். நாங்கள் இனத்தால் யூதர்கள், வயது வந்தவரை அந்தச் சமயத்திலேயே வாழ்ந்தவர்கள், இப்படி ஒரு வழக்கத்தை எங்கள் மக்களிடையே கேள்விப்பட்டதுகூட இல்லை என்பது அதன் சாரம். ஞானஸ்நானம் பெற்றுப் பதினைந்து வருடம் ஆன பிறகும் 'எங்கள் மக்கள்' என்ற நினைப்போடு முன்னால் வந்து நிற்பவரை 'மாறிய' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யூத சமூகம் இவர்களுக்கு வைத்த பெயர் 'மெஷுமத்'. அழிவு என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த சொல் அது. அந்தக் கசப்பு காரணமில்லாமல் வரவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிக்கோலஸ் டோனின் என்ற, யூதராகப் பிறந்தவர், யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத் மேல் போப்பிடம் குற்றப்பட்டியல் கொடுத்தார். 1240-ல் பாரிசில் விசாரணை நடந்தது. பிறகு அந்தச் சுவடிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரித்தார்கள். அச்சு வருவதற்கு முந்தைய காலம், ஒவ்வொன்றும் கையால் எழுதியது. டோனினும் அலெக்சாண்டரும் ஒரே சொல்லுக்குள் வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் பாராட்டும் பழியும் இல்லாத சொல்லைத் தேடுகிறேன். 'மெய்யொளி கண்ட யூதர்' என்று வந்த பரிந்துரையை ஏற்க முடியாததும் இதனால்தான்.

> 'யூதக் கிறிஸ்தவர்' என்பது ஏற்கனவே இருக்கிறதே?

இருக்கிறது, அதுதான் சிக்கல். இறையியல் நூல்களில் அது முதல் நூற்றாண்டு எருசலேம் சபைக்காரர்களைக் குறிக்கிறது. விருத்தசேதனம், ஓய்வுநாள் எல்லாவற்றையும் கைக்கொண்டபடியே இயேசுவை ஏற்றவர்கள் அவர்கள். அந்தச் சொல்லை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

இயேசுவை மேசியாவாக ஏற்கும் யூதர்கள் இன்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் 'மேசியா யூதர்' என்பதோ, காலம் தப்பிய சொல். அமெரிக்காவில் 'எபிரேயக் கிறிஸ்தவர் கூட்டணி' என்று இருந்த அமைப்பு 1975-ல்தான் 'மேசியா யூதர் கூட்டணி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1862-ல் இறந்த மிஷனரி ஜோசப் உல்ஃபுக்கு அதைச் சூட்ட முடியாது. 'இஸ்ரவேல் கிறிஸ்தவர்' என்றால் 1948-க்குப் பிறகு நாட்டின் பெயரோடு குழம்பும்.

மிச்சம் இருப்பது 'எபிரேயக் கிறிஸ்தவர்'. இதற்கு வலு அதிகம். 1866-ல் லண்டனில் அவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டணி தொடங்கியபோது வைத்துக்கொண்ட பெயரே இதுதான். நம் வேதாகமத்தில் பவுல் தன்னை 'எபிரெயரில் பிறந்த எபிரெயன்' என்று சொல்வதும் காதில் இருக்கிறது. 'எபிரேயம் மொழியல்லவா, மொழியை வைத்து ஆளைச் சொல்வதா' என்று கேட்டவருக்கு: 'தமிழ்க் கிறிஸ்தவர்', 'தமிழ் முஸ்லிம்' என்று நாம் சொல்வதில்லையா? அங்கே தமிழ் என்பது மொழியோடு சேர்த்து மக்களையும் குறிக்கிறதே.

தவிர, இவர்களில் பலருக்கு எபிரேயம்தான் கைமுதல். ஐசக் சால்கின்சன் மிஷனரியாக இருந்தபடியே ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவை எபிரேயத்தில் தந்தார்; 1874-ல் வெளிவந்தது. புதிய ஏற்பாட்டையும் எபிரேயத்தில் ஆக்கிக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். அதை முடித்து 1885-ல் வெளிவரச் செய்தவர் கிறிஸ்டியன் டேவிட் கின்ஸ்பர்க், அவரும் வார்சாவில் யூதராகப் பிறந்தவர்.

நம் கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் தெரிய வேண்டியவர் சாமுவேல் ஷெரெஷெவ்ஸ்கி. 1831-ல் லித்துவேனியாவில் பிறந்து, யூத குருவான ரபியாவதற்குப் படித்து, அமெரிக்கா போய்க் கிறிஸ்தவராகி, 1859-ல் ஷாங்காயில் இறங்கினார். பழைய ஏற்பாட்டை மூல எபிரேயத்திலிருந்து நேராக மாண்டரின் சீனத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே அவர் மாட்டிக்கொண்டது நம்முடையதைப் போன்ற ஒரு சொல் சண்டையில்தான். கடவுளைச் சீனத்தில் 'ஷாங்தி' என்பதா, 'ஷென்' என்பதா, 'தியன்சூ' என்பதா? மிஷனரிகள் பல பத்தாண்டுகள் இதில் பிரிந்து நின்றார்கள். நம் ஊரில் பராபரன், சர்வேசுரன், தேவன் என்று ஓடிய கதைதான். அவர் 'தியன்சூ', அதாவது வானத்து ஆண்டவர், என்ற பக்கம் நின்றார். கத்தோலிக்கர்களின் சொல் அது என்று மற்றவர்கள் முகம் சுளித்தாலும், மக்களுக்குப் பழகியது என்பதால் நின்றார். 1881-ல், ஷாங்காய் பிஷப்பாக இருந்தபோது, பக்கவாதம் வந்து உடல் முடங்கியது. பிஷப் பதவியை விட்டார், வேலையை விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தட்டச்சுப் பொறியில் ஒரு விரலால் அடித்து அடித்து, முழு வேதாகமத்தையும் எளிய இலக்கியச் சீனத்தில் முடித்தார். 1902-ல் அது வெளிவந்தது. சொல்லுக்காக இத்தனை பாடுபட்டவரைச் சொல்ல நாம் ஒரு நல்ல சொல் தேடுவதில் தவறே இல்லை.

சரி, அப்படியானால் 'எபிரேயக் கிறிஸ்தவர்' என்றே முடித்துவிடலாமா? நானும் நேற்று மாலை வரை அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்வால்ட் ரூஃபைசனிடம் வந்தபோது தயங்கினேன். போலந்தில் பிறந்த யூதர். நாஜிகளின் காலத்தில் மீர் நகரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து பலரைத் தப்பவைத்தவர். 1942-ல் ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார். போருக்குப் பிறகு கார்மேல் சபைத் துறவியாகி, சகோதரர் தானியேல் என்ற பெயரில் இஸ்ரேலுக்குப் போய், 'நான் யூதன், யூதனுக்குரிய உரிமையில் குடியுரிமை கொடுங்கள்' என்று கேட்டார். 1962-ல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் மறுத்தது. யூத சமய விதிப்படி பார்த்தால் அவர் யூதரே, ஆனால் யூதர்கள் வந்து குடியேற உரிமை தரும் சட்டத்தில் உள்ள 'யூதர்' என்ற சொல்லைச் சாதாரண மக்கள் எந்தப் பொருளில் வழங்குகிறார்களோ அப்படித்தான் கொள்ள வேண்டும் என்றது தீர்ப்பு. ஒரு சொல்லின் வழக்குப் பொருள் ஒருவரின் குடியுரிமையைத் தீர்மானித்தது. (பிற்பாடு சாதாரண முறையில் குடியுரிமை பெற்று, 1998-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார்.) இவர் 1866-ன் புராட்டஸ்டன்ட் கூட்டணிக்காரர்களோடு சேர்ந்தவர் இல்லை. டோனினும் இல்லை. 'எபிரேயக் கிறிஸ்தவர்' என்ற, ஒரு குழுவின் சொந்தப் பெயரை இவர்கள் மேல் போட முடியாது.

ஆகவே என் முன்மொழிவு: பொதுச்சொல் 'யூதவழிக் கிறிஸ்தவர்'. தாய்வழி, தந்தைவழி, வழித்தோன்றல் என்று பிறப்பைச் சொல்ல 'வழி' நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. அவர் எங்கிருந்து வந்தார், இப்போது என்னவாக இருக்கிறார், இரண்டும் அதில் உண்டு. விட்டுப்போனாரா, வந்துசேர்ந்தாரா என்ற தீர்ப்பு அதில் இல்லை. 'எபிரேயக் கிறிஸ்தவர்' என்பதை அந்தப் பெயரைத் தாங்களே ஏற்றவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

'தமிழ்வழிக் கல்வி போல, யூதரை ஊடகமாகக் கொண்டு என்று ஆகாதா?' என்ற கேள்வி வரும். கல்வியோடு சேரும்போது அந்தப் பொருள், ஆளோடு சேரும்போது பிறப்புப் பொருள். 'தாய்வழி மாமன்' என்றால் யாரும் குழம்புவதில்லை.

'மிஷனரி'யை அப்படியே விடுகிறேன். 'மறைபரப்புநர்', 'ஊழியக்காரர்' இரண்டும் ஒவ்வொரு சபையின் வாடையோடு வருகின்றன. மிஷனரி எல்லோருக்கும் பொது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

'பெஷாவரில் பணியாற்றி, புதிய ஏற்பாட்டைப் புஷ்து மொழியில் தந்த இசிடோர் லோவெந்தால் ஒரு யூதவழிக் கிறிஸ்தவ மிஷனரி.'

'கொச்சி யூதரான மைக்கேல் சர்கோன் 1818-ல் மதராசில் கிறிஸ்தவரானார். கொச்சி யூதப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த அனுப்பப்பட்ட முதல் யூதவழிக் கிறிஸ்தவர்களில் ஒருவர்.'

'எபிரேயத்தில் தேர்ந்த யூதவழிக் கிறிஸ்தவரான ஜோசப் உல்ஃப், இஸ்ரவேலின் காணாமல்போன பத்துக் கோத்திரங்களைத் தேடி ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வந்து, திருநெல்வேலி வரை போனார்.'

மூன்றாவதில் 'வழி' இரண்டு முறை வருகிறது. 'ஆப்கானிஸ்தானைக் கடந்து' என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

'யூத வழி' என்று பிரித்து எழுதாமல் சேர்த்தே எழுதுவோம். பிரித்தால் சமயநெறி என்ற பொருள் வந்துவிடும். 'எபிரேய', 'எபிரெய' இரண்டில் முதலாவதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன், வேதாகம மேற்கோளில் மட்டும் அதிலுள்ளபடியே விட்டேன். இலங்கை நண்பர்கள் அங்கே எது வழக்கு என்று சொன்னால் உதவியாக இருக்கும். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். உல்ஃபின் குறிப்பைத்தான் முதலில் திருத்தப் போகிறேன்.

அன்புடன்