ஏர் ஃப்ரையரில் சர்க்கரைவள்ளி ஃப்ரைஸ், தொட்டுக்கொள்ள வீட்டு டிப்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தென்காசி மருமகள்

பொங்கலுக்கு வாங்கிய சீனிக்கிழங்கு நிறைய மிச்சம். அவித்துக் கொடுத்தால் பிள்ளைகள் தொடமாட்டேன் என்கிறார்கள், சரி என்று ஃப்ரைஸ் போட்டேன். நறுக்கி, ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் புரட்டி, 190 டிகிரி. செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள்.

கூடையை வெளியே இழுத்ததும் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி சலசலவென்று சத்தம் கேட்டது. ஒன்றைக் கடித்தேன். ஓரமெல்லாம் மொறுமொறு, உள்ளே மாவாகக் கரைந்தது. மாடியில் மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் போட்டு அப்படியே மேலே கொண்டுபோனேன். அவர் ஒன்றின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். அது நடுவில் வளைந்து தொங்கியது. மாடிப்படி ஏறுகிற நேரம்தானே ஆனது! மாமா ஒன்றும் சொல்லவில்லை, "நல்லாருக்கும்மா" என்று தட்டைக் காலி செய்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது சாப்பிட உட்காரும் வரை மொறுமொறுப்பு நின்றிருக்கிறதா?

கோவை சமையல்கட்டு

சகோதரி, உங்களுக்குக் கிடைப்பது சிவப்புத் தோல், வெள்ளைச் சதை உள்ள கிழங்காகத்தான் இருக்கும். மாவுப்பிடிப்பு அதில்தான் அதிகம். அதிலேயே நிற்கவில்லை என்றால் என் கதையைக் கேளுங்கள்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருமுறை 'பூ சோனா' ரகக் கிழங்கு கொண்டுவந்தான். அங்கே ஶ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது அல்லவா, அவர்கள் வெளியிட்ட ரகம். தோலைச் சீவியதும் அடர்ந்த ஆரஞ்சு நிறம். என் மகள் ஓடிவந்து "கேரட்டாப்பா?" என்று பச்சையாகவே ஒரு துண்டைக் கடித்துவிட்டாள். 100 கிராமில் 13 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா கரோட்டின். கண்ணுக்கு அவ்வளவு நல்லது. இந்த மாதிரி ஆரஞ்சுக் கிழங்கை ஆப்பிரிக்க நாடுகளில் பரப்ப உழைத்தவர்களுக்குத்தான் 2016இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

ருசி அபாரம். ஆனால் கூடையிலிருந்து எடுக்கும்போதே துவண்டிருந்தது. ஓரங்கள் கறுத்துவிட்டன, நடு மட்டும் அல்வா பதம். இவ்வளவு சத்துள்ள கிழங்கு, பிள்ளை ஆசையாகக் கேட்டது, மொறுமொறுவென்று கொடுக்க முடியவில்லையே என்று இன்னும் மனசில் கிடக்கிறது.

திருச்சி டீச்சர்

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கோவை அண்ணா சொன்ன ரக விஷயம் சரி. ஆரஞ்சுக் கிழங்கில் பொதுவாக ஈரம் அதிகம், மாவு குறைவு. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

சர்க்கரைவள்ளியில் பீட்டா அமிலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. கிழங்கின் உள்சூடு சுமார் 60 முதல் 75 டிகிரி வரை இருக்கும்போது அது மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் சர்க்கரையாக மாற்றும். மெதுவாகச் சூடேறினால் அந்த நொதிக்கு நேரம் கிடைக்கும். இனிப்பு ஏறும், மாவு குறையும், சர்க்கரை சீக்கிரம் கருகும். கறுத்த ஓரமும் துவண்ட நடுவும் அப்படித்தான் வருகிறது. அதனால் ஏர் ஃப்ரையரை முதலில் காலியாக 3 நிமிடம் ஓடவிட்டு, சூடான கூடையில் போடுங்கள்.

தென்காசித் தங்கைக்கு நடந்தது வேறு. வெளியே எடுத்த பிறகும் உள்ளே இருக்கும் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். தட்டில் குவித்துவிட்டால் அந்த ஆவி மேல்தோலிலேயே படிந்து ஊறிவிடும். தட்டுக்குப் பதில் கம்பி வலையில் பரப்புங்கள், கீழேயும் காற்றுப் போகட்டும்.

என் கண்ணால் பார்த்தது ஒன்று. ஒரே கிழங்கை நறுக்கி இரண்டு தட்டில் வைத்தேன். ஒன்றுக்கு மட்டும் உப்புப் புரட்டினேன். கொஞ்ச நேரத்தில் உப்புப் போட்ட துண்டுகள் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நின்றது. மற்ற தட்டு காய்ந்தே இருந்தது. அன்றிலிருந்து உப்பு, மிளகுத்தூள் எல்லாம் எடுத்த பிறகுதான்.

அரைக்கிலோ கிழங்குக்கு என் அளவு: ஒரு சென்டிமீட்டருக்குள் கனம், அரைமணி நேரம் தண்ணீரில் ஊறல், பருத்தித் துணியில் ஒட்ட ஒட்டத் துடைத்தல், ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் மாவு மெல்லியதாகப் புரட்டல், அதற்குப் பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒரு குலுக்கு. கூடையில் ஒரே அடுக்கு. இரண்டாவது அடுக்கு ஏறினால் அது வறுவல் இல்லை, அவியல்.

நாகர்கோவில் வயர்மேன்

எல்லோரும் கிழங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். பிளக் பாயின்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டீச்சர் 200 டிகிரி, முன்சூடு என்கிறார், நல்லது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைத்தார்கள், சமையலறையில் பிளாஸ்டிக் கருகிய வாடை என்று. போய்ப் பார்த்தால், 16 ஆம்பியர் பிளக்கை கன்வெர்ஷன் பிளக் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். கழற்றினேன். சாக்கெட்டின் ஓட்டை ஓரம் பழுப்பேறி உருகி, பின் மேலேயே ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே எண்ணெய் பாட்டில், அதை ஒட்டிச் சுவரில் சின்னக் குழந்தையின் வரைபடம் ஒட்டியிருந்தது. அந்தம்மா "ஃப்ரைஸ்தானே அண்ணே போட்டேன்" என்றார். அந்தப் படம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

கணக்கு எளிது. 230 வோல்ட்டை 6 ஆம்பியரால் பெருக்கினால் 1380 வாட். உங்கள் மெஷினின் அடியில் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 1400, 1500 என்றுதான் போட்டிருக்கும். பழைய சாக்கெட், தளர்ந்த பின் என்றால் அதற்கும் குறைவிலேயே சூடேறும். ஆகவே 16 ஆம்பியர் பாயின்ட் மட்டும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி, எர்த் இணைப்பு கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அதே லைனில் இண்டக்ஷன் அடுப்பையும் சேர்த்து ஓட்டாதீர்கள். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள், பின்பக்கம் சூடான காற்று வெளியேற வேண்டும். ஓடி முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

தென்காசி மருமகள்

எங்கள் வீட்டில் 16 ஆம்பியர்தான் அண்ணாச்சி, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். டீச்சர் அக்கா, இட்லிப் பானைத் தட்டு மாதிரி ஓட்டை உள்ள எதிலும் பரப்பலாமா?

திருச்சி டீச்சர்

தாராளமாக. ஓட்டைகள் அடைபடாமல் இருந்தால் போதும்.

சேலம் சண்முகம்

கோவை நண்பர் சத்து, சத்து என்று எழுதியிருக்கிறார். அதில் ஒரு விஷயத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். என் அப்பாவுக்குச் சர்க்கரை. "எண்ணெய் இல்லை, கிழங்கும் நல்லது" என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, அவர் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். சாயங்காலம் ஊசி குத்திப் பார்த்தபோது மீட்டரில் வந்த எண்ணை அவர் நம்பவில்லை. இன்னொரு விரலை நீட்டி "மறுபடி பாரு" என்றார். அந்த விரல்தான் இப்போதும் நினைவுக்கு வருகிறது.

அவித்த சர்க்கரைவள்ளியைவிட, சுட்டது ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். எண்ணெய் குறைந்தால் கொழுப்புதான் குறையும், மாவுச்சத்து அப்படியேதான் இருக்கும். பீட்டா கரோட்டின் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், அதுவும் அன்றைய சோற்றைக் குறைத்துக்கொண்டு.

கோவை சமையல்கட்டு

நான் குழந்தைக்குச் சொன்னேன் நண்பரே, சர்க்கரை உள்ளவர்களுக்கு அல்ல. அப்பா இப்போது நலமா?

சேலம் சண்முகம்

நலம். வாரத்தில் ஒருநாள், அவித்து, தோலோடு.

கோயம்பேடு காய்க்கடை

எங்கள் கடையில் வாங்கிய ஒரு அம்மா வேகாத ஃப்ரைஸை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். மேலெல்லாம் வெந்திருந்தது, நடுவில் மட்டும் நகம் இறங்காத கட்டி. எவ்வளவு நேரம் போட்டாலும் இளகவில்லையாம். கிழங்கை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். ஃப்ரிட்ஜில். சர்க்கரைவள்ளிக்கு 12, 13 டிகிரிக்குக் கீழே குளிர் ஆகாது. நடு இறுகிவிடும், பிறகு அதை எந்த அடுப்பும் இளக்காது. காற்றோட்டமான இடத்தில் கூடையில் போட்டு வையுங்கள். பாவம், அந்தம்மா பேரப்பிள்ளை பிறந்தநாளுக்காக வாங்கியிருந்தார். வேறு கிழங்கு கொடுத்தனுப்பினேன்.

ஸ்கார்பரோ அம்மம்மா

பிள்ளையள் எல்லாரும் ஃப்ரைஸோடை நிண்டிட்டியள், டிப்பைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஊரிலை வத்தாளங்கிழங்கை அவிச்சுத் தேங்காய்ப்பூவோடைதான் சாப்பிடுவம். இங்கை பேரனுக்கு ஏர் ஃப்ரையர் வேணும். கடையிலை விக்கிற உறைஞ்ச ஃப்ரைஸ் மொறுமொறு எண்டு இருக்கிறதுக்குக் காரணம் மேலை பூசியிருக்கிற மா. டீச்சர் பிள்ளை சொன்ன மாதிரி மா புரட்டினால் வீட்டிலையும் வரும்.

நான் தயிரைத் துணியிலை கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டு, அதுக்கை நசிச்ச உள்ளி ஒரு பல்லு, யாழ்ப்பாணத் தூள் அரைக் கரண்டி, உப்பு, தேசிக்காய்ப் புளி விட்டு அடிச்சு வைச்சன். பேரன் ஃப்ரைஸை ஒதுக்கி வைச்சிட்டுக் கோப்பையை விரலாலை வழிச்சு வழிச்சு நக்கினான். கண்ணாலை தண்ணி ஓடுது, மூக்குச் சிவந்துபோச்சு, கோப்பையை மட்டும் விடேல்லை. தூள் எண்டால் ஓடுற பிள்ளை! தகப்பன் ஊரைப் பாத்ததே இல்லை. எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை, அவ்வளவு சந்தோசம்.

மதுரை மல்லிகா

அம்மம்மா, உங்கள் தயிர் டிப்தான் பாதுகாப்பானது. ஃப்ரைஸ் என்றாலே மயோனைஸ் என்று கேட்கிற பிள்ளைகள் எங்கள் வீட்டில். அக்கா மகள் ஒரு கடையில் மயோனைஸ் சாப்பிட்டுவிட்டு ராத்திரியெல்லாம் வாந்தி. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, அது வெளியிலேயே கிடந்தால் பெருகும். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்ததும் இதனால்தான். வீட்டில்தானே செய்கிறோம் என்று பச்சை முட்டையை உடைத்து ஊற்றாதீர்கள். வீட்டு மிக்ஸிக்குள் வந்தால் கிருமி செத்துவிடாது.

முட்டை இல்லாமலே கெட்டியாக வரும். காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய கொழுப்புள்ள பால் அரை கப், வாசனை இல்லாத எண்ணெய் ஒரு கப், ஒரு பல் பூண்டு, கடுகுத்தூள் அரை ஸ்பூன், மிளகு, உப்பு. ஹேண்ட் பிளெண்டரை அடியில் வைத்து ஓட்டி, கெட்டியாக ஆரம்பித்ததும் மெல்ல மேலே தூக்குங்கள். கடைசியில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

ஸ்கார்பரோ அம்மம்மா

பாலிலையோ? தண்ணியாய்ப் போகாதோ பிள்ளை?

மதுரை மல்லிகா

போகாது அம்மம்மா. பாலில் உள்ள புரதம் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு பட்டதும் இன்னும் இறுகும். பால் சூடாக இருந்தால்தான் பிரிந்துபோகும். உங்கள் தூளையும் அதில் அரைக் கரண்டி போடுங்கள், பேரனுக்குப் பிடிக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.