லேபிளைப் படித்துத் தலை சுற்றுகிறது, எந்த ட்ரை ஃபுட் வாங்கலாம்?

எங்கள் லேப்ரடாருக்கு 4 வயது, 31 கிலோ. இப்போது கொடுக்கும் ட்ரை ஃபுட் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறான். முன்னங்காலை நக்கி நக்கி முடியெல்லாம் செம்பட்டையாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டார். உண்ணி எதுவும் இல்லை, உணவை மாற்றிப் பாருங்கள் என்றார்.

லேபிளைப் படிக்க உட்கார்ந்தால்தான் குழப்பம். பொருள்களைச் சமைப்பதற்கு முந்தைய எடைப்படி வரிசைப்படுத்துகிறார்கள். கோழி இறைச்சி முதலில் இருந்தாலும் அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். அப்படியானால் தண்ணீர் வற்றிய சிக்கன் மீல் (கோழியை வேகவைத்து, உலர்த்தி அரைத்த தூள்) முதலில் இருப்பதுதான் மேலா? சோளத்தை மாவு, தவிடு, குளூட்டன் என்று மூன்றாகப் பிரித்து எழுதி, பட்டியலில் கீழே தள்ளிவிடும் சாமர்த்தியம் வேறு! பையில் கொட்டை எழுத்தில் போடும் 'பிரீமியம்' என்ற சொல்லை நான் நம்புவதே இல்லை.

கோழியே இல்லாமல், மீன் மட்டும் உள்ள உணவை 8 வாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இதே அரிப்புக்காக மாற்றியவர்கள் யாராவது இருந்தால், எது சரிப்பட்டது, எத்தனை நாளில் வித்தியாசம் தெரிந்தது என்று சொல்லுங்கள். பழைய உணவோடு கலந்து 10 நாளில் முழுதாக மாற்றினால் வயிறு தாங்குமா? அப்புறம், பிஸ்கட்டில்கூடக் கோழி இருக்கிறதே, அதற்குப் பதிலாக என்ன கொடுக்கிறீர்கள்?