1978 பிரெசிஷன் பேஸ்: ட்யூனர் வழுக்குகிறது, பிரிட்ஜ் துருப்பிடித்து இறுகிவிட்டது. மாற்றுவதா, வேண்டாமா?

அடையாறு_பேஸ்

வணக்கம். சித்தப்பா எண்பதுகளில் மெல்லிசைக் குழுவில் வாசித்த ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் கிட்டார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஹெட்ஸ்டாக்கில் (ட்யூனர்கள் இருக்கிற தலைப்பகுதி) எஸ்8 என்று தொடங்கும் எண் இருப்பதால் 1978 என்று நினைக்கிறேன். மேப்பிள் நெக், நாலு ஸ்க்ரூ, உடம்பு நல்ல கனம். பல வருஷம் கடற்கரைப் பக்கத்து வீட்டில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, அதனால் இரும்பு என்று இருக்கிற எல்லாவற்றிலும் உப்புக் காற்று கைவைத்துவிட்டது.

பிரச்சினைகள் இவை. ஈ கம்பி ட்யூன் நிற்பதே இல்லை, சாவியைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டுத்தான் பிடிக்கிறது. பிரிட்ஜில் (கம்பிகள் உடம்பில் முடிகிற தகடு) உயரம் மாற்றும் குட்டி ஸ்க்ரூக்கள் அசையவில்லை. ஏ கம்பியை எங்கேயும் அழுத்தாமல் திறந்து வாசித்தால் மட்டும் ஒரு ஜர்ர்ர் சத்தம், ஃப்ரெட்டில் அழுத்தினால் போய்விடுகிறது. வால்யூம் கரகரக்கிறது, ஆம்பில் ஹம் (உம்மென்ற இரைச்சல்) தாங்கவில்லை. ஆக்‌ஷனும் (ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி நிற்கிற உயரம்) ரொம்ப உயரம், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே விரல் வலிக்கிறது.

ஒரு கடையில் காட்டினேன். ட்யூனர், பிரிட்ஜ், வயரிங் எல்லாம் புதிதாகப் போட்டுவிடலாம், ட்யூனர் ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும் என்றார்கள். பயந்துபோய்த் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று சொல்லுங்கள். சால்டரிங் ஓரளவு தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது.

ஸ்கார்பரோ_நாலுகம்பி

தம்பி, எடுத்து வந்தது நல்ல காரியம். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், டிரில்லை மட்டும் அந்தப் பேஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். போட்ட ஓட்டையை அடைக்கலாம், ஆனால் அடைத்தது தெரியும், நாளைக்கு யாராவது விலை கேட்டு வந்தால் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

ட்யூனரைக் கழற்றுவதற்கு முன் பின்பக்கம் பாருங்கள், பல்சக்கரத்தின் நடுவில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். நாற்பது வருஷத்தில் அது தளர்ந்திருந்தால் சக்கரம் புழுப்பல்லோடு சரியாகச் சேராது, நீங்கள் சொல்கிற சும்மா சுற்றல் அதனால்தான் வரும். கம்பியைத் தளர்த்திவிட்டு அந்த ஸ்க்ரூவை இறுக்குங்கள், சாவி கையால் திருப்பக் கொஞ்சம் கனமாக இருக்கிற அளவு போதும். அடுத்து தகட்டைப் பிடித்திருக்கிற நாலு மர ஸ்க்ரூக்கள். ஏதாவது ஒன்று முடிவே இல்லாமல் சுற்றினால் மரத்தில் புரி போய்விட்டது என்று அர்த்தம். பல்குச்சியில் மரப்பசை தடவி ஓட்டைக்குள் வைத்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டு அதே ஸ்க்ரூவைப் போடுங்கள். பெரிய ஸ்க்ரூ போடாதீர்கள்.

இதெல்லாம் செய்தும் வழுக்கினால் கழற்றி லைட்டர் ஃப்ளூயிடில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் பல் இடுக்கில் இருக்கிற கறுப்பை எடுத்துவிட்டு, பற்களில் துளி லித்தியம் கிரீஸ். நாலையும் ஒன்றாகக் கழற்றிக் கலந்துவிடாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், ஒவ்வொரு ஸ்க்ரூவும் தன் ஓட்டைக்கே போகட்டும்.

திறந்த ஏ கம்பி சத்தம் இந்த மாடலின் பழைய நோய். ஹெட்ஸ்டாக் பின்னால் சாயாமல் தட்டையாக இருப்பதால் நட்டை (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காருகிற வெட்டுத் துண்டு) தாண்டிய பிறகு கம்பி கீழே இறங்க வேண்டும். டி, ஜி இரண்டையும் அந்த வட்டமான ஸ்ட்ரிங் ட்ரீ அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஏ கம்பிக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஏ கம்பியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, போஸ்ட்டில் மூன்று சுற்றாவது மேலிருந்து கீழாகச் சுற்றி, கடைசிச் சுற்று போஸ்ட்டின் அடியைத் தொடுகிற மாதிரி செய்யுங்கள். பெரும்பாலும் அதிலேயே சத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் நட் வெட்டு ஆழமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதற்காக ஏ கம்பிக்கு இன்னொரு ட்ரீ வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அதுவும் ஓட்டைதான்.

சால்டர்_சாமி

ஹம் விஷயம் நான் சொல்கிறேன். பிரெசிஷனில் 1957 முதல் இருக்கிற இரண்டு துண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்), இரண்டு காயிலும் (கம்பிச் சுருள்) எதிரெதிராக இருப்பதால் ஹம்மைத் தானே அடித்துவிடும். ஆக ஹம் பெரிதாக வந்தால் பிக்கப்பைச் சந்தேகப்படாதீர்கள், கிரவுண்டைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் கம்பியைத் தொடுங்கள், பிறகு உலோகக் குமிழைத் தொடுங்கள். குமிழைத் தொட்டால் ஹம் குறைந்து, கம்பியைத் தொட்டால் குறையவில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகிற கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கிறது. பிரிட்ஜ் தகட்டுக்கும் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள், ஒன்றிரண்டு ஓமுக்குள் வர வேண்டும். அந்த வயர் சால்டர் செய்யப்பட்டிருக்காது, முனையைச் சும்மா பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் நசுக்கி வைத்திருப்பார்கள், கடற்கரை வீட்டில் அந்த இடம் பச்சை பூத்துப்போவது ஆச்சரியமே இல்லை.

அப்படியே ஜாக்கில் ஒரு கிட்டார் கேபிளைச் செருகி, இரண்டு குமிழும் முழுசாகத் திறந்த நிலையில், மறுமுனை பிளக்கின் டிப்புக்கும் (நுனி) ஸ்லீவுக்கும் (உடல்) நடுவே அளந்து பாருங்கள். பத்து கிலோஓம் சுற்றி வந்தால் பிக்கப் உயிரோடு இருக்கிறது. ரொம்ப அதிகமாகவோ முடிவிலி என்றோ காட்டினால் வந்து சொல்லுங்கள்.

கரகரப்புக்கு டிஆக்ஸிட் மாதிரி கான்டாக்ட் கிளீனர், பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர்) பக்கவாட்டு இடுக்கில் ஒரு பீச்சு, பிறகு முழுவதுமாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இருங்கள். டபிள்யூடி-40 வேண்டாம், அது வேறு வேலைக்கு. பாட்டை மாற்றாமல் தப்பித்தால் நல்லது, ஏனென்றால் பாட்டின் முதுகில் இருக்கிற எண்தான் உங்கள் பேஸின் ஜாதகம். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், கடைசி இரண்டு வாரம். 1377811 என்று இருந்தால் 1978இன் பதினோராவது வாரத்தில் செய்த பாட். பேஸ் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது, பின்னால் எவ்வளவு நாள் என்பதை அது சொல்லாது.

ரொம்ப முக்கியம்: துருவைத் தேய்க்க ஸ்டீல் வுல் (இரும்பு நார்) எடுக்காதீர்கள். அதன் தூள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் ஜென்மத்துக்கும் போகாது. பிக்கப் காந்தக் குச்சிகளில் துரு இருந்தாலும் தேய்க்க வேண்டாம், எதையும் பீச்சவும் வேண்டாம். இந்த வகையில் காயில் கம்பியை நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள், ஈரம் உள்ளே இறங்கினால் தலைமுடியை விட மெல்லிய அந்தக் கம்பி அரித்து அறுந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் வீட்டு பிளக்கில் மூன்றாவது பின் நிஜமாகவே எர்த்தோடு சேர்ந்திருக்கிறதா? பழைய சென்னை வீடுகளில் ஓட்டை மட்டும் இருக்கும், பின்னால் வயர் இருக்காது. கிரவுண்ட் வயரைச் சரிசெய்த பிறகு உங்கள் கை கம்பி வழியாக ஆம்போடு இணைந்துவிடும், எர்த் இல்லாத ஆம்ப் என்றால் ஷாக். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதை முதலில் முடியுங்கள்.

கனத்த_பிரிட்ஜ்

எல்லாரும் பழசைக் கும்பிடச் சொல்கிறீர்கள். அந்த வளைத்த தகரப் பிரிட்ஜில் என்ன இருக்கிறது? கனமான பிரிட்ஜ் போட்டால் சஸ்டெயின் (சத்தம் நீடிப்பது) கூடும், சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காருகிற துண்டு) பக்கவாட்டில் நகராது. எழுபதுகளிலேயே ஆட்கள் பேடாஸ் பிரிட்ஜ் மாட்டினார்கள். கோட்டோ 201 பிரிட்ஜ் அதே ஐந்து ஸ்க்ரூ ஓட்டையில் உட்காரும், டிரில்லே தேவையில்லை. நான் மாட்டியிருக்கிறேன், வித்தியாசம் தெரிகிறது.

ஸ்கார்பரோ_நாலுகம்பி

கோட்டோ நல்ல பிரிட்ஜ்தான், அதே ஓட்டையில் உட்காரும் என்பதும் சரி. அடித்து வாசிப்பவர்களுக்குச் சேடில் நகராதது பெரிய நிம்மதி. ஆனால் சஸ்டெயின் கூடுகிறது என்று சொல்கிற பலர் அதே நாளில் புதுக் கம்பியும் போட்டிருப்பார்கள், எது எதனால் வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. மெல்லிசைக்குப் பிரெசிஷன் வாங்குவதே அந்தத் தும்மென்று விழுந்து அடங்குகிற சத்தத்துக்காகத்தானே. ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரெசிஷனில் ஃப்ளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான கம்பி) போட்டு, பிரிட்ஜ் மூடிக்கடியில் பஞ்சு வைத்து வாசித்தவர், சஸ்டெயினைக் குறைக்கத்தான் பாடுபட்டார். தம்பி முதலில் இருக்கிற பிரிட்ஜை உயிர்ப்பிக்கட்டும், பிடிக்காவிட்டால் கோட்டோ வாங்கி மாட்டி, பழையதை ஸ்க்ரூவோடு ஒரு பையில் போட்டுப் பெட்டியில் வைக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம்.

இறுகின ஸ்க்ரூவுக்கு: பிரிட்ஜை முழுசாகக் கழற்றி, உடம்பிலிருந்து தள்ளி வைத்து, இடுக்கில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். இதற்கு டபிள்யூடி-40 பரவாயில்லை, பெயிண்டில் படாமல் இருந்தால் சரி. அந்த ஸ்க்ரூவுக்கான ஆலன் கீ அங்குல அளவுதான். கையில் இருக்கிறதே என்று 1.5 மி.மீ. ஆலன் கீயை நுழைத்துத் திருப்பினால் தலை வட்டமாகிவிடும். 1/16 அங்குலம், 0.05 அங்குலம் இரண்டும் வாங்கி எது ஆடாமல் உட்காருகிறதோ அதைப் பயன்படுத்துங்கள். அசையாவிட்டால் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ மேல் வைத்துச் சூடாக்கி, முதலில் இறுக்குகிற திசையில் துளி அசைத்து, பிறகு தளர்த்துங்கள்.

அடையாறு_பேஸ்

எல்லாருக்கும் நன்றி. ஈ ட்யூனரில் சக்கர ஸ்க்ரூ கையாலேயே சுற்றியது, இறுக்கியதும் சரியாகிவிட்டது. ஏ கம்பியைக் கீழே வரை சுற்றிவிட்டேன், ஜர்ர்ர் போயே போச்சு. சாமி அண்ணா சொன்ன மாதிரியே குமிழைத் தொட்டால் ஹம் குறைந்தது, கம்பியைத் தொட்டால் ஒன்றுமில்லை. பிரிட்ஜைத் தூக்கினால் வயர் முனை பச்சைத் தூளாக உதிர்ந்தது. பிக்கப் 10.4 கிலோஓம். பாட் எண் 137 78 என்று தொடங்குகிறது. பிளக் எர்த்தும் பார்த்தாயிற்று, இருக்கிறது.

சேடில் ஸ்க்ரூவில் ஒன்றைத் தவிர எல்லாம் அசைந்துவிட்டன. ஆனால் சேடிலை முழுசாக இறக்கியும் ஆக்‌ஷன் உயரமாகத்தான் இருக்கிறது. இப்போது என்ன?

சால்டர்_சாமி

அந்த வயரைப் புது முனை தெரியும்வரை வெட்டி, பிளாஸ்டிக்கை உரித்து, இழைகளை விசிறி மாதிரி பரப்பி வையுங்கள். தகட்டின் அடிப்பக்கம் வயர் படுகிற இடத்தை மட்டும் மணல்தாளால் பளபளப்பாக்கினால் போதும். நீளம் பற்றாவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல இழை வயர் ஒரு மீட்டர் வாங்கி உள்ளே வால்யூம் பாட் முதுகிலிருந்து புதிதாக இழுங்கள். பழைய கெபாசிட்டரை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள், ஆரஞ்சு டிராப் (ஒரு வகைக் கெபாசிட்டர்) போடு, அதைப் போடு என்று இனி ஆள் வருவார்கள்.

ஸ்கார்பரோ_நாலுகம்பி

ஆக்‌ஷனைச் சேடிலில் தேடாதீர்கள், நெக்கில் தேடுங்கள். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஈ கம்பியை அழுத்திக்கொண்டு எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். ஃப்ரெட்போர்டு 7.25 அங்குல ஆர வளைவுள்ள இந்த மாதிரி நெக்குக்கு 0.35 மி.மீ. சுற்றி இருந்தால் போதும். ஒரு மி.மீ.க்கு மேல் தெரிந்தால் நெக் கம்பி இழுப்பில் முன்னால் வளைந்திருக்கிறது, ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பி) இறுக்க வேண்டும்.

இந்தக் காலத்துப் பிரெசிஷனில் ட்ரஸ் ராடை இறுக்குகிற நட் நெக்கின் அடிமுனையில், உடம்புக்குள் ஒளிந்திருக்கும். கம்பிகளை முழுக்கத் தளர்த்தி, நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, நெக்கைக் கழற்றி, சிலுவை வெட்டில் நன்றாகப் பொருந்துகிற அகலமான திருப்புளியால் கால் சுற்று. அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். திரும்ப மாட்டி, முழு ட்யூனில் வைத்து, அடுத்த நாள் அளந்து பாருங்கள். ஸ்க்ரூக்களைத் திரும்பப் போடும்போது முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றி, டக்கென்று பழைய புரியில் விழுகிற இடத்திலிருந்து இறுக்குங்கள். அப்போதே நெக் அடியில் முத்திரைத் தேதி ஏதாவது இருக்கிறதா என்று படம் எடுத்து வையுங்கள்.

எட்டாவது ஃப்ரெட் இடைவெளி (ரிலீஃப்) சரியாகி, சேடிலும் தரையில் இருந்து, இன்னும் உயரம் என்றால் நெக் பாக்கெட்டில் உடம்பின் நடுப்பக்க ஓரமாக ஒரு விசிட்டிங் கார்டு துண்டை ஷிம்மாக (அடியில் வைக்கிற அண்டை) வையுங்கள். உங்களுடையதில் நாலு ஸ்க்ரூதானே, மூன்று ஸ்க்ரூ ஜாஸ் பேஸில் (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) இருக்கிற, நெக்கின் சாய்வை மாற்றுகிற திருகு இதில் கிடையாது, அதனால் காகிதம்தான் வழி. கடைசியில் பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பி 2.8 மி.மீ., ஜி கம்பி 2.4 மி.மீ. வருகிற மாதிரி வைத்தால் விரல் வலிக்காது.

அடையாறு_பேஸ்

எட்டாவது ஃப்ரெட்டில் அளந்தேன், ஒன்றரை மி.மீ.க்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை நெக்கைக் கழற்றுகிறேன். அசையாத அந்த ஒரு ஸ்க்ரூ ஜி சேடிலில் இருக்கிறது, சூடாக்கிப் பார்த்தும் வரவில்லை. அந்தச் சேடில் மட்டும் தனியாகக் கிடைக்குமா?

கனத்த_பிரிட்ஜ்

கிடைக்கும், பழைய மாடல் புரிச் சேடில் தனியாகவே விற்கிறார்கள். வாங்குமுன் பழையதன் விட்டத்தையும் பின்னால் இருக்கிற நீள ஸ்க்ரூவின் புரியையும் பாருங்கள், மில்லிமீட்டர் புரி போட்டது வந்தால் ஏறாது. நாலும் ஒரே செட்டாக வாங்காமல் ஒன்று மட்டும் வாங்கினால் பளபளப்பு தனியாகத் தெரியும், அதற்கு மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோட்டோ 201, நான் எங்கேயும் போகவில்லை :)