சாதாரண சுண்டெலியிலும் சீஃப் செல் மஞ்சளாகத் தெரிகிறது, யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். மிஸ்ட்1 மரபணுவை நீக்கிய சுண்டெலியில், இரைப்பைச் சுரப்பியின் அடியில் இருக்கும் சீஃப் செல்கள் (செரிமான நொதி சுரப்பவை) முழுதாக முதிராமல், கழுத்துப் பகுதிச் செல்லின் அடையாளத்தையும் விடாமல் வைத்திருக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். எனக்கும் அப்படியே வருகிறது: கழுத்துச் செல்லைக் காட்டும் ஜிஎஸ்-2 லெக்டின் (சர்க்கரையில் ஒட்டும் புரதம்) பச்சை, சீஃப் செல்லைக் காட்டும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் சிவப்பு, இரண்டும் சேர்ந்து அடி முழுக்க மஞ்சள். ஆனால் மரபணு சரியாக இருக்கும் கூடப்பிறந்த எலிகளிலும் அதே மஞ்சள், கொஞ்சம் மங்கலாக. அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

8 வார ஆண் எலிகள், ஒவ்வொரு கூட்டத்திலும் 4. இரைப்பையின் கார்பஸ் (நடு உடல்) பகுதி, பெருவளைவு ஓரம். ஃபார்மலினில் ஓர் இரவு, பாரஃபின், 5 மைக்ரான். ஆய்வகம் பெங்களூரு.

ஜீனோடைப்பிங் இரண்டு முறை, வாலிலும் காதிலும் பார்த்தாச்சு. ஒற்றைச் சாயம் போட்ட ஸ்லைடில் ஒரு நிறம் இன்னொன்றின் சேனலில் கசியவில்லை. லெக்டினை அசெட்டில்குளுக்கோசமைன் என்ற சர்க்கரையில் ஊறவைத்துப் போட்டால் பச்சை போய்விடுகிறது, ஆக அது ஒட்டுவது சர்க்கரையில்தான். சாய்வாக வெட்டிவிட்டேனோ என்று பிளாக்கை உருக்கி மறுபடி பதித்தேன், ஒரு வாரம் போனதுதான் மிச்சம். இரைப்பைத் தொற்றுக் கிருமியான ஹெலிகோபாக்டருக்கு பிசிஆர் நெகட்டிவ். அமிலம் சுரக்கும் பாரைட்டல் செல்கள் இரண்டு கூட்டத்திலும் குறையவில்லை, அதனால் மெட்டாபிளேசியா (செல் வகையே மாறிப்போவது) என்றும் தோன்றவில்லை.

உங்கள் சாதாரண எலிகளில் சுரப்பியின் அடியில் ஜிஎஸ்-2 சுத்தமாக இருட்டாக வருகிறதா, வருகிறதென்றால் எந்த ஃபிக்சேட்டிவில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்?