மகனின் கை எலும்பில் நீர்க்கட்டி: படத்தில் தெரியும் வெள்ளைத் துண்டு என்ன?

மழைக்கால்:
என் மகனுக்கு ஒன்பது வயது. பத்து நாட்களுக்கு முன் விளையாட்டில் பந்து எறிந்தான். விழவில்லை, யாரும் மோதவும் இல்லை. எறிந்த கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். எக்ஸ்ரே எடுத்தால், தோளுக்குச் சற்றுக் கீழே மேற்கை எலும்பு முறிந்திருக்கிறது. முறிந்த இடம் முட்டை வடிவில் கறுப்பாக, உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் தெரிகிறது. "சாதாரண எலும்பு நீர்க்கட்டி, அதனால்தான் இவ்வளவு லேசில் உடைந்தது" என்றார் மருத்துவர். கையைத் தூளியில் தொங்கவிட்டு, எலும்பு கூடட்டும், கட்டியை அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர், கூடியதும் ஊசி போட்டுவிடலாம் என்கிறார்.

கட்டி என்றதுமே எனக்குப் புற்றுநோய் நினைவுதான். அதைவிட, அந்தக் கறுப்புப் பகுதியின் அடியில் நகக்கீற்று அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு தெரிகிறது. ஏதோ முளைக்கிறதா? மருத்துவரிடம் கேட்க மறந்துவிட்டேன். மூன்று இரவுகளாகத் தூக்கம் இல்லை. பால் குடி என்றால் குடிக்கவே மாட்டான், அதனால் வந்ததோ என்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

தெற்குவாசல்:
காத்திருக்காதீர்கள். என் அக்கா மகளுக்கு முழங்கால் அருகே இப்படித்தான் ஒரு கட்டி. பார்க்கலாம், பார்க்கலாம் என்று விட்டதில் வேகமாகப் பெருத்துவிட்டது. சுரண்டி எடுத்தார்கள், ஒரே ஆண்டில் திரும்பவும் வந்தது. உடனே அறுவை செய்துவிடுங்கள்.

இருட்டறை:
எக்ஸ்ரே பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அம்மா, முதலில் அந்த வெள்ளைத் துண்டு. அது முளைக்கவில்லை, விழுந்திருக்கிறது. கட்டியின் சுவர் மெலிந்துபோய், உடைந்தபோது அதிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து அடியில் போய்த் தங்கியிருக்கிறது. உள்ளே கெட்டியான சதை இருந்திருந்தால் சில்லு பாதியிலேயே சிக்கி நின்றிருக்கும். அடிவரை இறங்கியது என்றால் உள்ளே இருப்பது நீர். எல்லாக் குழந்தைகளின் படத்திலும் இது தெரியாது. தெரிந்தால் சாதாரண நீர்க்கட்டி என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் குறைவு. நீங்கள் தூக்கம் கெட்டது நல்ல செய்தியைப் பார்த்து.

இது புற்றுநோய் அல்ல. பாலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. எலும்புக்குள்ளிருந்து ரத்தம் திரும்பி வெளியேறும் வழி அடைபட்டு நீர் தேங்குகிறது, அந்த நீரில் உள்ள பொருள்கள் எலும்பை அரிக்கின்றன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். முடிவான விடை அல்ல. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் வருகிறது.

தெற்குவாசல், உங்கள் அக்கா மகளின் அறிக்கையில் 'அனூரிஸ்மல்' என்ற சொல் இருந்ததா?

தெற்குவாசல்:
இப்போதுதான் அக்காவிடம் கேட்டேன். ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்கிறதாம்.

இருட்டறை:
அப்படியென்றால் அது வேறு நோய். பெயரில் மட்டும்தான் உறவு. 1942இல் ஜாஃபி, லிக்டென்ஸ்டைன் என்ற இருவர் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதில் தேங்குவது ரத்தம். பெரும்பாலும் யுஎஸ்பி6 என்ற மரபணு இடம்மாறுவதால் வருகிறது. எலும்பை ஊதவைத்து வேகமாகப் பெருகும், எடுத்தாலும் திரும்பக்கூடும். எம்ஆர்ஐ படத்தில் ரத்தம் மேலே தெளிவாகவும் கீழே கலங்கலாகவும் அடுக்கடுக்காகத் தெரியும். ஒருவகை எலும்புப் புற்றுநோயும் படத்தில் அதே சாயலைக் காட்டும் என்பதால் அங்கே சதை எடுத்துப் பரிசோதிக்காமல் எதையும் தொட மாட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து இந்தச் சிறுவனுக்கு அவசரப்படுத்துவது சரியல்ல.

பழைய கட்டு:
எனக்குப் பதினோரு வயதில் இதே எலும்பு, இதே இடம். இரண்டு முறை உடைந்தது. முறிவே கட்டியை ஆற்றிவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு அப்படி நடக்கும். பெரும்பாலோருக்கு எலும்பு கூடும், கட்டி அப்படியே இருக்கும்.

பிறகு மயக்கம் கொடுத்து மூன்று முறை ஸ்டீராய்டு ஊசி. முதலில் ஊசியால் உள்ளே இருப்பதை உறிஞ்சினார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிவான நீர் வந்ததாம். "இதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி" என்று மருத்துவர் சொன்னதை அப்பா இன்றும் சொல்வார். முதல் ஊசிக்குப் பெரிதாக மாற்றம் இல்லை. மூன்றாவதற்குப் பிறகு படத்தில் கறுப்பு நரைக்கத் தொடங்கியது, அதாவது உள்ளே எலும்பு நிரம்பத் தொடங்கியது. ஊசிக்கு அடங்காவிட்டால் சுரண்டி எலும்புத் துகள் நிரப்புவதும், வளையும் கம்பியை உள்ளே செலுத்துவதும் உண்டு.

சகோதரி, உங்கள் மருத்துவர்கள் இருவரும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. எலும்பு கூடும்வரை தொட வேண்டாம் என்பதில் இருவரும் ஒன்றுதான். அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி, கட்டி வளர்ச்சித் தட்டிலிருந்து, அதாவது எலும்பு நீண்டு வளரும் முனைப்பகுதியிலிருந்து, எவ்வளவு தூரம் என்பது. ஒட்டியோ ஒரு சென்டிமீட்டருக்குள்ளோ இருந்தால் இன்னும் துடிப்பாக இருக்கிறது என்பார்கள். திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். பையன் வளர வளர அது தட்டைவிட்டு விலகி, வளர்ச்சி நின்ற பிறகு பெரும்பாலும் தானே அடங்கும். இன்னொன்று, இது கை. உடல் பாரத்தைத் தாங்குவதில்லை. இதே கட்டி தொடை எலும்பின் கழுத்தில் இருந்தால் நானே காத்திருக்க வேண்டாம் என்பேன். அங்கே உடைந்தால் இடுப்பு மூட்டே கெட்டுப்போகும்.

மழைக்கால்:
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். எலும்பு கூடிவிட்டது. கட்டி இருக்கிறது. தட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் என்று அளந்து காட்டினார். சுவரும் முன்பைவிடத் தடித்திருக்கிறதாம். மூன்று மாதத்தில் மறுபடி எக்ஸ்ரே. பெருத்தாலோ சுவர் மெலிந்தாலோ ஊசி. அதுவரை அந்தக் கையால் எறியக் கூடாது, தொங்கக் கூடாது. இந்த முறை மகனே படத்தில் விரல் வைத்து வெள்ளைத் துண்டைக் காட்டினான், அடியில் அதே இடத்தில்தான் கிடக்கிறது.

இடக்கையால் பந்து எறியலாமா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டான். அதை மருத்துவரிடம் கேட்க மறந்துவிட்டேன்.