வெலிங்டனில் மலைச் சைக்கிள்: மாகரா சிகரத்தில் விழுந்த பிறகு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோவைச்சக்கரம்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து வேலை மாறுதலில் வெலிங்டனுக்கு வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. நானும் மனைவியும் கரோரியில் ஒரு சிறிய வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். ஊரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மருதமலை அடிவாரம் வரைக்கும், நண்பர்கள் கூடினால் மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரிச் சாலையில் சில கொண்டை ஊசி வளைவுகள் வரைக்கும் சைக்கிளில் போய்வருவேன். எனவே தார்ச்சாலை ஏற்றம் எனக்குப் புதிதல்ல. ஆனால் வேரும் கல்லும் ஈர மண்ணுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் இதற்கு முன் சைக்கிளை இறக்கியதே இல்லை.

இங்கு வந்தபின், வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் மாகரா சிகர மலைச் சைக்கிள் பூங்கா இருப்பதைக் கண்டதும் கால் சும்மா இருக்கவில்லை. நாடு திரும்பும் ஒருவரிடமிருந்து, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். போன சனிக்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை தெற்குக் கரோரிச் சாலை வாகன நிறுத்தத்திலிருந்து கோரு தடம் வழியாக, மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி, ஒருவழியாக ஏறிவிட்டேன். இறங்கும்போது, புதியவர்களுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொன்ன மேஜிக் கார்ப்பெட் தடத்தையே தேர்ந்தெடுத்தேன். ஒரு வளைவுக்கு முன்னால், வழக்கம்போல் வேகத்தைக் குறைக்கலாம் என்று பின் பிரேக்கை இலேசாகப் பிடித்ததுதான் தெரியும். சக்கரத்தில் யாரோ கம்பைச் செருகியதுபோல் வண்டி நின்றது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டி மஞ்சள் பூப் பூத்த ஒரு முட்புதருக்குள் கிடந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, வலது மணிக்கட்டில் வீக்கம். பத்து நாட்களாக அலுவலகத்தில் இடது கையால் மவுஸ் பிடிக்கிறேன். மண்ணில் உருள்வதற்கு இத்தனை தூரம் விமானம் ஏறியிருக்க வேண்டுமா என்பது என் மனைவியின் கேள்வி.

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள் இல்லாமல் இந்த மலைகளில் ஓட்டவே கூடாது என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். அதன் விலையோ எங்கள் இரண்டு மாத வாடகையைத் தாண்டுகிறது. இருப்பதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்குவது அவசியமா? மாகராவைவிட எளிய இடம் ஏதேனும் உண்டா? குளிர்காலம் வருகிறது, வார நாட்களில் வேலை முடிந்தபின் ஓட்ட இயலுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கரோரிவாசி

வாருங்கள், பக்கத்துத் தெருக்காரரே. பதினோரு ஆண்டுகளாக அந்த மலையில்தான் என் சனிக்கிழமைகள் கழிகின்றன. புதிய சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு விற்றவர் எந்த நாட்டுக்காரர்? அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்தோ வந்தவர் என்றால், நீங்கள் விழுந்ததற்கான காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தியாவைப் போலவே நியூசிலாந்திலும் வலக்கைப் பிடி முன் பிரேக், இடக்கைப் பிடி பின் பிரேக். அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கிருந்து கொண்டுவந்த சைக்கிளில் இடக்கையைப் பிடித்தால் முன்சக்கரம் நிற்கும். உங்கள் விரல்கள் பல ஆண்டுப் பழக்கத்தில் இடப்பக்கத்தைப் பின் பிரேக் என்று நம்பி அழுத்துகின்றன. இறக்கத்தில் உடல் எடை முழுவதும் ஏற்கெனவே முன்னுக்குச் சாய்ந்திருக்கும் நேரத்தில், டிஸ்க் பிரேக் உள்ள முன்சக்கரம் சட்டென்று பிடித்துக்கொண்டால் ஆள் பறப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோதிப்பது எளிது. சைக்கிளின் பக்கத்தில் நின்று, இடப்பிடியை மட்டும் அழுத்தியபடி முன்னே தள்ளிப் பாருங்கள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் சந்தேகமே வேண்டாம். கம்பி பிரேக் என்றால் அரை மணி நேரத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் குழாயைக் கழற்றி மாட்டியபின் காற்றை நீக்க வேண்டியிருக்கும் என்பதால் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது டயர். தார்ச்சாலைக்காரர்கள் எல்லோரும் காற்றைக் கல்லுப்போல் ஏற்றிவிடுவார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ட்யூப் உள்ள அகலமான டயருக்கு, சராசரி உடல் எடை என்றால், முப்பது பிஎஸ்ஐ அளவில் வைத்துத் தொடங்குங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் கொஞ்சம் அமுங்க வேண்டும். அப்போதுதான் அது வேரையும் கல்லையும் கவ்வும், இல்லையேல் அவற்றின்மேல் துள்ளும்.

இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டு அதே சைக்கிளில் ஓராண்டு ஓட்டுங்கள். இந்நாட்டில் தடங்களை, மிக எளியது 1, மிகக் கடினமானது 6 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். 3 வரைக்கும் உங்கள் வண்டி தாராளமாகப் போதும். 4 என்று போட்டிருந்தால் இப்போதைக்குத் திரும்பிவிடுங்கள். மாகராவின் கடினமான தடங்களில் ஒன்றான டிரிக்கிள் ஃபால்ஸின் பெயரைப் பார்த்து ஏதோ சிற்றோடை என்று மயங்கி உள்ளே போனவர்களை நான் கைத்தாங்கலாக வெளியே அழைத்து வந்திருக்கிறேன்.

கோவைச்சக்கரம்

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. விற்றவர் கொலராடோக்காரர். இன்று காலை வாசலில் தள்ளிப் பார்த்தேன். பின்சக்கரம் ஒரு முழம் எழும்பியது. மனைவி சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, இதை வாங்கும் அன்றே செய்திருக்கலாமே என்றாள். டயரில் ஐம்பத்தைந்து பிஎஸ்ஐ இருந்தது. அதையும் நான்தான் ஏற்றினேன்.

மறுமொழி 2: பனங்காட்டான்

தம்பி, யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் எல்லோரும் துவிச்சக்கரவண்டியில்தான் போவார்கள், ஆனால் கியர் மாற்றும்படி ஒரு மேடு கிடையாது. ஐம்பது வயதில் இந்த விளையாட்டைத் தொடங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மணிக்கட்டு ஆறும் வரைக்கும் மாகராவை விட்டுவிடுங்கள். நம்பிக்கை திரும்புவதற்கு ஏற்ற இடம் ரெமுடாகா ரயில் தடம்.

1878 முதல் 1955 வரைக்கும் வெலிங்டனுக்கும் வைரராபா சமவெளிக்கும் இடையில் ரயில் ஓடிய பாதை அது. மலையைக் குடைந்து புதிய சுரங்கம் திறந்தவுடன் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். இன்று அகலமான சரளைப் பாதையாகக் கிடக்கிறது. அப்பர் ஹட் பக்கத்திலிருந்து ஏறினால், நீராவி எஞ்சின் இழுத்த சரிவு என்பதால் ஏற்றம் கடுமையாக இராது. கால் அறியாமலேயே உச்சிக்குக் கொண்டுபோய்விடும். உச்சியில் 576 மீட்டர் நீளச் சுரங்கம். நடுப்பகுதியில் கும்மிருட்டு, விளக்கு இல்லாமல் போகாதீர்கள். மேலே சொட்டும் தண்ணீர் கழுத்துக்குள் விழும்போது ஒரு சிலிர்ப்பு வரும், அதற்காகவே என் பேரப்பிள்ளைகள் மறுபடியும் கூட்டிப் போகச் சொல்வார்கள். சுரங்கத்துக்கு அப்பால் கிராஸ் கிரீக் வரை உள்ள இறக்கம் பதினைந்துக்கு ஒன்று என்ற சரிவு. அங்கே சாதாரண எஞ்சினால் ஏற முடியாததால், நடுவில் மூன்றாவது தண்டவாளம் போட்டு, அதைப் பற்றிக்கொண்டு ஏறும் ஃபெல் எஞ்சின்களை ஓட்டினார்கள். உலகில் எஞ்சியிருக்கும் ஒரே ஃபெல் எஞ்சின் ஃபெதர்ஸ்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உங்கள் மனைவியையும் அழைத்துச் சென்று காட்டுங்கள்.

அந்த இறக்கத்தில் சைபீரியா என்று ஒரு வளைவு உண்டு. 1880 செப்டம்பரில் அடித்த காற்று ஓடும் ரயில் பெட்டிகளையே அங்கே தடம்புரட்டியது, குழந்தைகள் இறந்தார்கள். ரயிலைத் தள்ளிய காற்றுக்கு நீங்களும் நானும் எம்மாத்திரம்? வெலிங்டனில் ஓட்டப் போகும் நாளில் மழையைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பாருங்கள். வடமேற்குக் காற்றும் பலமாகத்தான் வீசும், ஆனால் தெற்குக் காற்று வந்தால் அண்டார்டிக்கா பக்கத்துக் குளிரையும் சேர்த்துக் கொண்டுவரும். பத்து நிமிடத்தில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க முடியாமல் போகும்.

அப்பர் ஹட் வரைக்கும் ரயிலில் சைக்கிளைக் கட்டணமில்லாமல் ஏற்றிச் செல்லலாம். வார நாட்களின் நெரிசல் நேரத்தில் கட்டுப்பாடு உண்டு என்பதால் சனி, ஞாயிறு வசதி.

மறுமொழி 3: மண்வெட்டி

பனங்காட்டான் அண்ணா சொல்லும் ரயில் தடம் அழகானதுதான், ஆனால் அங்கே பத்து முறை போனாலும் மேஜிக் கார்ப்பெட்டில் ஒரு வளைவைத் திருப்பக் கற்றுக்கொள்ள முடியாது. அது உலாவுக்கான இடம், பழகுவதற்கானது அல்ல. பிரேக்கை மாற்றியபின் அதே மேஜிக் கார்ப்பெட்டுக்கே திரும்பிப் போங்கள்; விழுந்த வளைவை நடந்து பாருங்கள், பிறகு ஓட்டுங்கள். இறங்கும்போது உட்காராமல் எழுந்து நின்று, இரண்டு பெடல்களையும் சமமாக வைத்து, முன்சக்கரத்தைப் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். பிரேக் வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் அல்ல.

அதற்கு முன் ஒன்று. நான் செவிலியராக இருப்பவள் என்பதால் சொல்கிறேன். கையை ஊன்றி விழுந்து பத்து நாட்களாகியும் மணிக்கட்டு வலிக்கிறது என்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். அங்கே அழுத்தும்போது வலித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அந்தக் குழிக்குள் இருக்கும் ஸ்கஃபாய்டு என்னும் சிறிய எலும்பு முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது; இரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். இந்நாட்டில் யார் தவறு என்று கேட்காமல் விபத்துக் காயங்களின் சிகிச்சைச் செலவில் பெரும்பங்கை விபத்து இழப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. நமக்கும் அது பொருந்தும்.

குளிர்கால மாலைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். ஜூனில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று என இரண்டு விளக்குகள் இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது, முதல் குளிர்காலத்தில் தனியாகப் போகவே வேண்டாம். பகல் வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சும் மாதங்களில், முன்பு போல்ஹில் என்று அழைக்கப்பட்ட வைமாபிஹி காப்பகத்தின் டிரான்சியன்ட் தடம் வேலை முடிந்து போக ஏற்றது. அது ஆரோ பள்ளத்தாக்கிலிருந்து புரூக்ளின் காற்றாலைப் பக்கமாக ஏறும். ஜீலாண்டியா சரணாலயத்தின் வேலி பக்கத்திலேயே இருப்பதால் அங்கிருந்து பறந்துவரும் காக்கா கிளிகள் தலைக்கு மேல் சண்டையிடும். பெயர்தான் காக்கா, பறவை நம்மூர்க் காகம் அல்ல, பெரிய பழுப்புநிறக் கிளி. நடப்பவர்களும் அதே தடத்தில் வருவார்கள். வேகத்தைக் குறைத்து அவர்களுக்கு வழிவிடுவது நம் பொறுப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாகரா சிகரம் 1998-இல் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலமாக இருந்தது. நகர மன்றம் இடத்தை ஒதுக்கியபின் பெரும்பாலான தடங்களைக் கையால் வெட்டியவர்கள் தன்னார்வலர்கள்; இந்த மண்ணின் மரக்கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டவர்களும் அவர்களே. நீங்கள் விழுந்த மஞ்சள் பூ முட்புதர், பிரிட்டனிலிருந்து வேலிக்காகக் கொண்டுவந்து ஊரெங்கும் பரவிய கார்ஸ். அதன் நிழலில்தான் இப்போது நல்ல மரங்கள் முளைத்து எழுகின்றன. பராமரிப்பு நாட்களில் யார் வேண்டுமானாலும் போகலாம். நான் முதன்முதலில் போனபோது ஒரு பெரியவர் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, பாதையின் வெளி ஓரத்தில் மண் வரப்புப்போல் உயர்ந்திருந்த இடத்தைச் செதுக்கச் சொன்னார். டயர்கள் நடுவே அழுத்த அழுத்த இரு ஓரமும் உயர்ந்து, மழைநீர் வெளியேற வழியின்றிப் பாதையிலேயே ஓடி அதை வாய்க்காலாக அரித்துவிடுகிறது. பாதை வெளி ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருந்தால் தண்ணீர் குறுக்கே கடந்து பள்ளத்துக்குள் போய்விடும். வயலில் மடை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அன்றைக்குப் பின் ஒரு தடத்தைப் பார்த்தவுடன் எங்கே ஈரம் நிற்கும், எங்கே டயர் வழுக்கும் என்பது எனக்குத் தெரியத் தொடங்கியது. நான் இன்று சேர்ந்து ஓட்டும் நால்வரும் அப்படி மண் வெட்டிய இடத்தில் கிடைத்தவர்கள்தாம்.

கோவைச்சக்கரம்

அக்கா, நீங்கள் சொன்ன குழியில் அழுத்திப் பார்த்தேன், வலித்தது. மருத்துவர் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, மயிரிழை முறிவு என்று சொல்லி ஆறு வாரத்துக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். சைக்கிள் கடையில் பிரேக்கை மாற்றித் தந்துவிட்டார்கள். அது இப்போது படுக்கையறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஆறு வாரம் ஓட்ட முடியாது என்பதால் அடுத்த பராமரிப்பு நாளுக்கு வரலாம் என்று இருக்கிறேன். ஒற்றைக் கையால் செய்யக்கூடிய வேலை ஏதேனும் இருக்குமா?

மண்வெட்டி

கன்று நடும் பருவம் தொடங்கப் போகிறது. குழி தோண்டுவது மற்றவர்கள் வேலை, கன்றைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒரு கை போதும். மனைவியையும் அழைத்து வாருங்கள், அவருடைய இரண்டு கைகளும் நலமாகத்தானே இருக்கின்றன. வாகன நிறுத்தத்தில் ஒன்பது மணிக்கு நிற்பேன். மழைக்கோட்டு அவசியம்.