புதுப்பிப்பு: சிந்தெடிக்கில் இருந்து சாதா ஆயிலுக்கு மாறியாச்சு, கசிவும் நின்றது

பழைய பைக்கில் சிந்தெடிக் (செயற்கை) இன்ஜின் ஆயிலை விட்டு சாதா (மினரல்) ஆயிலுக்குத் திரும்பலாமா, கியர் லிவர் பக்கம் கசிவது எதனால் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஃப்ளஷ் (தனி திரவம் ஊற்றி இன்ஜின் உள்ளே கழுவுவது) வேண்டாம், இன்ஜின் சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரையும் மாற்றி, அதே கிரேடில் ஜாசோ எம்ஏ2 (ஆயிலில் நனைந்து இயங்கும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) பார்த்து ஊற்றச் சொன்னீர்கள். அப்படியே செய்தேன். கிளட்ச் வழுக்கவில்லை. உள்ளே தங்கும் பழைய ஆயில் கலந்தாலும் பாதகமில்லை.

எதிர்பாராதது, சாதா ஆயிலிலும் கசிவு நிற்காததுதான். மார்த்தாண்டத்தில் மெக்கானிக் கியர் ஷாஃப்ட் ஆயில் சீலை (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கழற்றிக் காட்டினார்: ரப்பர் விளிம்பு கல்லாக இறுகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. புது சீல் போட்டதும் கசிவு நின்றது. "ஆயிலைக் குறை சொல்லாம சீலைப் பாருங்க" என்று இங்கே பதில் எழுதிய அண்ணன் சொன்னதே சரி.

அப்புறம், பேச்சிப்பாறை ஏற்றத்தில் சூடேறினால் கியர் கொஞ்சம் இறுக்கமாக விழுகிறது. சிந்தெடிக்கில் அது இல்லை.